கூட்டு என்னும் பதார்த்தம்

நம் வீடுகளில் கூட்டு என்று ஒரு பதார்த்தம் செய்வதுண்டு. பூசணிக்காயோ புடலங்காயோ கொஞ்சம், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம், காரத்துக்கு ஒரு மிளகாய். எல்லாம் சேர்ந்து வெந்த பிறகு எது காய், எது பருப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சில காலமாக இந்த வார்த்தையைச் சமையலறையிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கூட்டு முயற்சி, கூட்டுப் பங்களிப்பு, கூட்டாண்மை! சாக்கடை அடைத்துக்கொண்டால் கூட்டு முயற்சி. மரம் நடக் கூட்டு முயற்சி. இப்போது ஏழைகளின் பசியைத் தீர்க்கவும் கூட்டு முயற்சி. "சர்க்கார் மட்டும் என்ன செய்யும், ஸார்? கம்பெனிகள் வர வேண்டும், சங்கங்கள் வர வேண்டும், தொண்டர்கள் வர வேண்டும். எல்லாரும் கை கோத்தால் சென்னைப் பட்டணத்தில் பசி என்ற பேச்சே இருக்காது" என்று சொல்லும் பிரசங்கத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதமும் கழிவதில்லை.

பிரசங்கத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கை கோப்பது நல்ல காரியந்தான். ஆனால் யாருடைய கையும் யாருடைய கையும் என்று கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மேடையை அண்ணாந்து பார்க்கிறேன். பணம் கொடுப்பவர் இருக்கிறார். இடம் கொடுக்கும் அதிகாரி இருக்கிறார். பாராட்டிப் பேசும் பிரமுகர் இருக்கிறார். என் போன்ற எழுத்தாளன் ஒருவனையும் ஓர் ஓரத்தில் உட்கார்த்தி வைக்கிறார்கள். அந்தச் சோற்றைச் சமைக்கிறவள் எங்கே? அதைச் சாப்பிடுகிறவன் எங்கே? சமைக்கிறவள் மேடைக்குப் பின்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சாப்பிடுகிறவன் மேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் நாற்காலி கிடையாது. காயும் பருப்பும் இல்லாமல் தாளிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டு என்று பெயர் சூட்டினால் எப்படி?

பசித்தவனுக்குச் சோறு போட இந்த ஊருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வட சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறதே, அதைப் பழைய பட்டணவாசிகள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சித்தொட்டி என்று பெயர் வருவானேன்? ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டிச் சுற்றுப்புறக் கிராமங்களெல்லாம் பாழாகி, ஜனங்கள் பட்டணத்தைத் தேடி ஓடிவந்தார்கள். 1782-ஆம் வருஷப் பஞ்சத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம் அது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் 'மானேகர் சௌல்ட்ரி' ஆயிற்று. பிறகுதான் வைத்தியமும் ஆஸ்பத்திரியும் வந்தன. மணியக்காரர் பெயர் நின்றது. தொட்டியின் பெயரும் நின்றது. ஏனத்தை ஏந்திக்கொண்டு நின்ற ஜனங்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

அடுத்தது 1920. சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த காலம். ஆயிரம்விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியத்தில் ஏதாவது சிற்றுண்டி கொடுப்பது என்று தீர்மானம் செய்தார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்று ஒரு கட்டும் போட்டார்கள். ஓர் அணா! அந்த ஓர் அணாவைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். வேறு பள்ளிகளுக்கும் அது பரவிற்று. ஆனால் ஆரம்பக் கல்விக்கென்று ஒதுக்கிய பணத்தைச் சோற்றில் செலவிடக்கூடாது என்று மேலே இருந்த வெள்ளைக்காரச் சர்க்காருக்குத் தோன்றிவிட்டது. 1925-இல் அடுப்பு அணைந்தது. அணைப்பதற்குமுன் யாரைக் கேட்டார்கள்? தின்ற பிள்ளையைக் கேட்டார்களா? அதன் தாயைக் கேட்டார்களா?

காமராஜர் காலத்து மதிய உணவு பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏனென்றால் கூட்டு என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பக்கத்தில் வந்த ஏற்பாடு அது. 1956-இல் தொடங்கியபோது செலவில் நூற்றுக்கு அறுபது சர்க்கார் பங்கு, நாற்பது ஊரார் பங்கு. ஊரார் என்றால் நெல்லோ விறகோ காய்கறியோ கொண்டுவந்து போடுகிற ஊரார். தன் வயல் நெல் வெந்த உலையைப் பற்றிக் கேட்க அவனுக்கு வாய் உண்டு. "நேற்று சோறு குழைந்து போயிற்றாமே?" என்று வாத்தியாரை நிறுத்திக் கேட்பான். ஆனால் அறுவடை பொய்த்த ஊரில் அந்த நாற்பதுக்கு எங்கே போவது? வறண்ட ஊருக்குத்தான் சோறும் அதிகம் வேண்டும், அதனிடந்தான் கொடுக்கவும் ஒன்றுமில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று ஆரம்பித்தபோது சர்க்காரே முழுப் பாரத்தையும் எடுத்துக்கொண்டது. சரியான காரியம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2013 பிப்ரவரி 19-ஆம் தேதி சென்னையில் அம்மா உணவகங்களைத் திறந்தார்கள். இட்லி ஒரு ரூபாய். சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். தயிர்சாதம் மூன்று ரூபாய். பிறகு காலையில் ஐந்து ரூபாய்க்குப் பொங்கலும், மாலையில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் மூன்று ரூபாய்க்கும் வந்தன. எந்தக் கட்சியின் தலைவர் திறந்தார், எந்தக் கட்சியினர் போர்டைக் கிழித்தார்கள் என்ற சமாசாரமெல்லாம் நேயர்களுக்குத் தெரியும். நான் அதற்குள் போகப் போவதில்லை. எனக்கு ஓட்டுப் பெட்டியைவிட இட்லிப் பானையில்தான் அக்கறை.

இந்த உணவகத்தின் பெருமை மலிவு மட்டுமல்ல. உள்ளே நுழைகிறவனை 'நீ ஏழைதானா?' என்று யாரும் கேட்பதில்லை. ரேஷன் கார்டு வேண்டாம், ஆதார் வேண்டாம், கவுன்சிலரின் கடிதம் வேண்டாம். காசைப் போட்டு டோக்கன் வாங்கினால் நீயும் ஒரு வாடிக்கைக்காரன். சுமை தூக்குகிற ஆள் நிற்கிறார். பக்கத்திலேயே பரீட்சைக்குப் படிக்க வெளியூரிலிருந்து வந்த பையன் நிற்கிறான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மகளுக்குத் துணையாக வந்த கிழவி நிற்கிறாள். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞன் நிற்கிறான். அவனிடம் உள்ளூர் ரேஷன் கார்டு இல்லை. அடுப்பும் இல்லை. இருபது கிலோ அரிசி இனாமாகக் கொடுத்தாலும் அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? நகரத்துப் பசிக்கும் கிராமத்துப் பசிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நகரத்தில் அரிசி இருந்தும் பட்டினி கிடக்க முடியும். வேகவைக்க இடமும், நேரமும், எரிவாயுவும் வேண்டும் அல்லவா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊர் மிதந்தபோது இந்தச் சமையலறைகள் இனாமாகச் சோறு போட்டன. 2020 ஊரடங்கில் ஓட்டல்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட நாட்களிலும் போட்டன. அப்போது வேகவைத்த கைகள் யாருடையவை? கார்ப்பொரேஷன் கமிஷனருடையவை அல்ல. சுய உதவிக் குழுப் பெண்களுடையவை.

இங்கேதான் கூட்டு என்ற வார்த்தையின் விஷமம் இருக்கிறது. இந்தப் பெண்கள் கார்ப்பொரேஷன் சிப்பந்திகள் அல்ல, குழு உறுப்பினர்கள். அதாவது கூட்டாளிகள்! காகிதத்தில் கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! சிப்பந்தி என்றால் சம்பள விகிதம் வேண்டும், லீவு வேண்டும், வயதான காலத்தில் பென்ஷன் வேண்டும் என்பாள். கூட்டாளி என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று பல வருஷம் கொடுத்தார்கள். அந்தப் பல வருஷத்தில் உளுந்தின் விலை என்ன ஆயிற்று, வீட்டு வாடகை என்ன ஆயிற்று என்று நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் 25 ரூபாய் ஏற்றி 325 ஆக்கினார்கள். முப்பது நாளும் ஒரு நாள் விடாமல் வந்தால் 9,750 ரூபாய். காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. ஊருக்கெல்லாம் மலிவாகச் சோறு போடும் ஏற்பாட்டில் மிகப் பெரிய நன்கொடை யாருடையது என்று கேட்டால், எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்ல மாட்டேன். மூவாயிரத்துக்கு மேற்பட்ட இந்தப் பெண்கள் தங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய கூலியில் விட்டுக்கொடுத்தார்களே, அதுதான் நன்கொடை. விட்டுக்கொடுத்தார்கள் என்பதுகூடத் தப்பு. கேட்டு வாங்கியதல்ல அது. கேட்காமலே பிடித்துக்கொண்டது.

"எல்லாம் சரி, ஆனால் இது நஷ்டத்தில் ஓடுகிறதே!" என்கிறார் என் நண்பர் ஒருவர். பெரிய பாங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்லவர், கோவிலில் வருஷத்துக்கு ஒரு நாள் அன்னதானம் செய்கிறவர். அவருக்கு நஷ்டம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

"எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டேன்.

"கோடிக் கணக்கில், ஐயா!"

கோடி என்றால் பயந்துபோகிற காலம் போய்விட்டது. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2024 ஜூலையில் அரசாங்கமே சொன்னபடி, அதற்கு முந்தைய மூன்று வருஷங்களில் சென்னையின் அம்மா உணவகங்களுக்கு ஆன செலவு 400 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். தினமும் சாப்பிடுகிறவர்கள் லட்சம் பேருக்குச் சற்று மேல். 400 கோடியை மூன்றால் வகுத்தால் வருஷத்துக்கு 133 கோடி. நாளைக்கு முப்பத்தாறரை லட்சம். லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு முப்பத்தாறரை ரூபாய். நண்பர் தினம் மாலையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும் டிகிரி காப்பி அதற்குக் கிடைக்காது. அதை நான் சொன்னதும் அவர் முகம் சுளித்தது. "அது என் காசு" என்றார்.

நியாயந்தான். ஆனால் தெருவிளக்கு யார் காசு? அதற்கு யாரும் டோக்கன் வாங்குவதில்லை. இரவெல்லாம் எரிகிறது. வருஷ முடிவில் தெருவிளக்கு இத்தனை கோடி நஷ்டம் என்று யாராவது அழுதது உண்டா? பூங்கா நஷ்டம், மேம்பாலம் நஷ்டம், மழைநீர் வடிகால் நஷ்டம் என்று சொல்கிறோமா? அவற்றுக்கெல்லாம் 'செலவு' என்று பெயர். சோற்றுக்கு மட்டும் 'நஷ்டம்' என்று பெயர். பெயர் வைத்தது யார் என்று பார்த்தால், பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள்தான். மேம்பாலத்தில் கார் ஓட்டுகிறவர்கள்தான். நானும் பூங்காவில் நடக்கிறவன்தான், ஆகையால் சொல்கிறேன்.

இன்னொன்று. நஷ்டம் என்று சொல்கிறார்களே, அதில் ஒரு பகுதி எப்படி வந்தது என்று பாருங்கள். சென்னைக்கு 200 வார்டுகள். வார்டுக்கு இரண்டு உணவகம் என்று விதி செய்தார்கள், பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஏழு, ஆக 407. கணக்கு அழகாக இருக்கிறது. பசி இப்படி வார்டு வாரியாகச் சமமாகப் பிரிந்து உட்காருமா? ஆஸ்பத்திரி வாசலிலும் மார்க்கெட் வாசலிலும் வரிசை தெருவரைக்கும் நிற்கும். பங்களாக்கள் நிறைந்த வார்டில் இட்லி ஆறிக் கிடக்கும். ஆறிக் கிடந்த இட்லியை நஷ்டத்தில் எழுதுவார்கள். பிறகு, 'பார்த்தீர்களா, ஜனங்களுக்கே வேண்டியதில்லை' என்று சொல்லிச் சிலவற்றை மூடுவார்கள். 2024-இல் எண்ணிக்கை 400-க்குக் கீழே வந்திருந்தது. கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்களே, அவர்கள் வேலைக்கு இன்னும் பழைய இடத்துக்குத்தான் பஸ் ஏறி வருகிறார்கள். விடியுமுன் கிளம்புகிறவளுக்கு எந்த பஸ் நிறுத்தத்தில் இட்லி வேண்டும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளிடம் கேட்டிருந்தால் 407 அடுப்புகளை வேறு விதமாகப் பரப்பியிருக்கலாம்.

இப்போது தருமவான்கள் பக்கம் வருகிறேன். பெசன்ட் நகரில் 2017-இல் ஒரு நல்ல உள்ளம் படைத்த பெண்மணி தெருவோரத்தில் ஒரு குளிர்பெட்டி வைத்தார். ஔவையார் வாக்கு ஒன்றையே அதற்குப் பெயராகச் சூட்டினார். மிஞ்சிய உணவை யாரும் வைக்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் சிலர் கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதை இரவோடு இரவாக வேனில் எடுத்துச் சென்று கொடுக்கிறார்கள். குப்பைத் தொட்டிக்குப் போகிற சாம்பாரை ஒரு வயிற்றுக்குத் திருப்புவது புண்ணிய காரியம். அவர்களைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுவேன்.

ஆனால் இதையே நகரத்தின் பசிக்குப் பரிகாரம் என்று மேடையில் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சம் என்பது என்ன? முகூர்த்த நாளில் மலையாய்க் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆகவே மண்டபத்தில் மிச்சமும் கிடையாது. ஆடி மாதம் முழுவதும் பசிக்காமல் இருந்துவிட்டு, ஆவணி பிறந்ததும் பசியுங்கள் என்று ஏழைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பலாமா? மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் கூடுதலாக வந்துவிட்டால் அன்றைக்கு நூறு பேருக்குப் பட்டினி. கொடுப்பவரின் இலையில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்து வாங்குபவரின் வயிறு இருக்கவேண்டும் என்றால், அது யாசகம். யாசகத்துக்கு நம் முன்னோர் கேவலமில்லாத பெயர்கள் வைத்தது உண்டு. அதற்காக அது ஒரு மாநகரத்தின் ஏற்பாடாகிவிடாது.

கூட்டில் பெரிய கை ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி கொடுக்க 'அட்சய பாத்ரா' என்ற ஸ்தாபனத்துடன் கார்ப்பொரேஷன் சேர்ந்தது. 2020-இல் கவர்னரும் முதலமைச்சரும் அவர்களுடைய சமையல்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்த ஸ்தாபனம் நாடெங்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. யந்திரங்களும் சுத்தமும் பார்த்தால் மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் சமையலில் வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. அது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. நான் கேட்பது வேறு. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் உள்ள பிள்ளையின் தட்டில் வெங்காயம் இருக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற உரிமை கொடுப்பவருக்கு எப்படி வந்தது? சின்ன வெங்காய சாம்பார் வாசனையில் வளர்கிற பிள்ளைகள். சத்துணவில் முட்டை தின்கிற பிள்ளைகள். அவர்களுடைய தாய்மாரைக் கூப்பிட்டு, 'இப்படி ஒரு ஏற்பாடு வருகிறது, உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று முதலில் கேட்டிருந்தால், பிறகு பத்திரிகைகளில் அவ்வளவு சண்டை நடந்திருக்காது. 2022 செப்டம்பரில் அரசாங்கமே காலை உணவைத் தன் பொறுப்பில் மதுரையில் தொடங்கியது. நன்று. அதிலும் தாய்மாரைக் கேட்டார்களா என்று கேட்க மாட்டேன். கேட்டால் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள்.

"நீர் சொல்கிற மாதிரி உலகத்தில் எங்கேயாவது நடந்திருக்கிறதா, ஐயா? கதாசிரியர் கற்பனை செய்யலாம், கார்ப்பொரேஷன் கற்பனை செய்ய முடியுமா?" என்று நண்பர் மடக்கினார். நடந்திருக்கிறது. பிரேஸில் தேசத்தில் பெலோ ஒரிஸோந்தே என்று ஒரு நகரம். நம் ஊரைப்போலவே குடிசைகளும் மாளிகைகளும் கலந்த பெரிய நகரம். 1993-இல் பத்ரூஸ் அனனியாஸ் என்பவர் அங்கே மேயரானார். 'உணவு என்பது பிரஜையின் உரிமை. சந்தையில் வாங்க முடியாதவனும் பிரஜைதான்' என்ற கருத்தை வைத்துக்கொண்டு நகராட்சியில் உணவுக்கென்றே ஒரு தனி இலாகா ஏற்படுத்தினார். ஆலோசனை சொல்ல ஒரு சபையும் அமைத்தார்கள். அதில் தொழிற்சங்கத்தார், வியாபாரிகள், பாதிரிமார், விவசாயிகள், நகரத்து ஜனங்களின் அமைப்புகள் என்று பலவகைப்பட்டவர்கள் உட்கார்ந்தார்கள். மக்கள் உணவகம் திறந்தார்கள். அதிலும் யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சுற்றுப்புற விவசாயிகளுக்கு நகரத்தில் நேராகக் கடை போட இடம் கொடுத்தார்கள். கொடுத்த இடத்துக்குப் பதிலாகச் சில பண்டங்களைக் கட்டுப்படியான விலைக்கு விற்கச் சொன்னார்கள். பள்ளிச் சாப்பாடு, காய்கறி, விலைவாசி எல்லாவற்றையும் ஒரே இலாகா பார்த்தது. இவ்வளவுக்கும் சேர்த்து நகராட்சி பட்ஜெட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஆகவில்லை. மேயர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. ஏன் அணையவில்லை என்று நான் யோசித்ததுண்டு. அணைத்தால் கேட்க ஆள் இருந்தது. ஒரு தலைவரின் பெயரில் நடக்கும் காரியத்தை அடுத்த தலைவர் கிழித்துப் போடலாம். ஜனங்கள் உட்கார்ந்து நடத்துவதைக் கிழிப்பது அத்தனை சுலபமல்ல.

நமக்கும் இதற்கென்று புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022-இல் விதிகள் வந்தாயிற்று. அந்தச் சபையில் அந்த வார்டின் உணவகத்தில் சமைக்கிற பெண்களில் ஒருத்தியையும், அங்கே சாப்பிடுகிறவர்களில் இரண்டு பேரையும் உட்கார வைப்பதற்கு என்ன தடை? கணக்குப் புத்தகத்தை மாதம் ஒருமுறை அவர்கள் முன்னால் விரித்து வைப்பதற்கு என்ன தடை? பணம் கொடுக்கிற கம்பெனி வரட்டும், உட்காரட்டும், அதுவும் ஒரு குரல் கொடுக்கட்டும். எந்த உணவகத்தை மூடுவது, எதை இடம் மாற்றுவது, தட்டில் என்ன போடுவது என்பதில் மட்டும் அந்த மூன்று பேரை மீறி ஒன்றும் நடக்கக்கூடாது. சமைக்கிறவளுக்குக் கூலியை நிச்சயிக்கும்போது, கூட்டாளி என்ற பட்டத்தை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, மாநகராட்சி தன் மற்றச் சிப்பந்திகளுக்கு என்ன கொடுக்கிறதோ அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

"அவர்களுக்குக் கமிட்டியில் உட்கார்ந்து பேசத் தெரியுமா?" என்றார் நண்பர். படித்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேர்கிற கேள்வி இது. கமிட்டிகளில் படித்தவர்கள் பேசி நான் கேட்டிருக்கிறேன். அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது மரியாதை. ஆனால் இந்தக் கேள்விக்காகவே ஒரு நாள் பிற்பகலில் ஓர் உணவகத்துக்குப் போய், சட்டி கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த அம்மாளுக்குத்தான் வம்பு.

"உங்களைக் கேட்டால் இங்கே என்ன மாற்றுவீங்கம்மா?" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆபீஸருங்களா சார்?"

"இல்லை. எழுதுகிறவன்."

"அப்போ சொல்லலாம்" என்று சிரித்துவிட்டு ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிராது. மாவரைக்கிற யந்திரம் பழுதாகி எத்தனை நாள் ஆயிற்று, அதனால் ஒவ்வொரு நாளும் எந்த வீட்டுக் கிரைண்டரைக் கெஞ்சி வாங்கவேண்டியிருக்கிறது. சப்பாத்தி யந்திரம் நின்றபிறகு கையால் தேய்த்துத் தேய்த்து யார் யாருக்குத் தோள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பாதிதான், ஆனால் அளவு மட்டும் திங்கட்கிழமை அளவே வருகிறது, மிஞ்சினதைக் கொட்ட மனசு வராது. தயிர்சாதம் மத்தியானம் ஒன்றரைக்கே தீர்ந்துபோகிறது, கட்டட வேலைக்காரப் பிள்ளைகள் இரண்டு மணிக்குத்தான் வருகிறார்கள், அவர்களுக்குச் சாம்பார் சாதம் மட்டுந்தான் மிச்சம். இந்த இடத்திலிருந்து இருநூறு அடி தள்ளி பஸ் நிற்கிற மூலையில் ஒரு மேஜை போட்டுக் காலையில் இட்லி விற்றால் இன்னும் முந்நூறு இட்லி போகும்.

"இதெல்லாம் யாரிடமாவது சொன்னீங்களா?"

"யாரு சார் வந்து கேக்கறாங்க? வருவாங்க, ருசி பாப்பாங்க, போட்டோ பிடிப்பாங்க, போயிடுவாங்க" என்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குப் பருப்பு ஊறவைக்க வேண்டுமாம். தட்டு ஒன்று ஓட்டையாக இருப்பதை எடுத்துக் காட்டிவிட்டு, "இதையும் எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதிவிட்டேன்.